கடைசியாக எப்போது கொடுத்தீர்கள்

ரத்தம் கொடுத்தால் எத்தனை நாளில் ஊறும் என்று என்னிடம் கேட்காத ஆள் திருப்பாதிரிப்புலியூரில் இல்லை. ஏதோ கிணற்றுத் தண்ணீரைப் பற்றிக் கேட்பது போலத்தான் கேட்பார்கள். நான் பத்திரம் எழுதுகிறவன். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு மேசை, மூன்று நாற்காலி, கடகடவென்று ஓடும் ஒரு மின்விசிறி. எனக்குப் பின்னால் சுவரில் ரத்ததான முகாம்களில் கொடுத்த கேடயங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். பத்திரம் எழுத வருகிறவன் முதலில் கேடயங்களைப் பார்ப்பான். அப்புறம் என் உடம்பை மேலும் கீழும் பார்ப்பான். அப்புறம் வாயைத் திறப்பான்.

"இவ்ளோ தடவ குடுத்துருக்கீங்களே சார், உடம்பு வத்திப் போவாதா?"

"போயிருந்தா உன் பத்திரத்த யாரு எழுதுறது?"

இதற்கு அசடு வழிவான். ஆனால் விடமாட்டான். ஊசியில் எய்ட்ஸ் வந்துவிடுமாமே என்பான். "பை புதுசு, ஊசி புதுசு, உன் கேள்விதான் பழசு" என்பேன். வெறும் வயிற்றோடு வர வேண்டுமா என்று ஒருவன் கேட்பான். வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வா என்றால் நம்பமாட்டான். முந்தின நாள் ஊற்றிக்கொண்டது தெரிந்துவிடுமா என்று இன்னொருவன் காதோடு கேட்பான். நூறு கிலோவுக்குக் குறையாத ஒரு மளிகைக்கடைக்காரர், தனக்கு உடம்பில் சத்தே இல்லை என்று என்னிடம் கண் கலங்கியிருக்கிறார். நாற்பத்தைந்து கிலோ இருந்தால் போதும் என்று சொன்னேன். அன்றிலிருந்து அவர் என் கடைப்பக்கம் வருவதில்லை.

சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள்தான் உச்சம். நீங்கள் கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே கேட்பார்கள். இன்சுலின் ஊசி போடுகிறவர்கள்தான் கூடாது, மாத்திரையில் கட்டுக்குள் இருந்தால் டாக்டர் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்வார் என்று சொன்னால் முகம் விழுந்துவிடும். விடுமுறை இல்லை என்று கேள்விப்பட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகளின் முகம் அது. எனக்கு இவர்களைக் கண்டால் இளக்காரம்தான். கொடுக்க மனமில்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகலாமே. அதைச் சொல்ல மாட்டார்கள். கேள்வியாகக் கேட்பார்கள்.

இந்தக் கூட்டத்துக்கெல்லாம் தலைவர் என்று நான் நெடுங்காலம் நினைத்திருந்தது என் தங்கையின் கணவரை.

அண்ணாகிராமம் பக்கத்தில் ஒரு கிராமம் அவருக்கு. முந்திரித் தோப்பும் நாலு பலா மரமும் உண்டு. அதிகம் பேசாத ஆள். பேசினால் கேள்வியாகத்தான் பேசுவார், அதுவும் வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி. கடைக்காரரிடம் சோப்பு வாங்கினால்கூட நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் வாங்குவார். என் தங்கைக்கு இரண்டாவது பிரசவம் சிக்கலாகி அவள் பிழைத்து வந்ததிலிருந்து, அவர் ஆடி மாதம் தவறாமல் ஊர் மாரியம்மனுக்குச் செடல் குத்திக்கொள்வார். முதுகுத் தோலில் வரிசையாகக் கொக்கிகளை மாட்டி, அதில் கயிறு கட்டித் தேரை இழுப்பது. எங்கள் பக்கத்தில் அது பெரிய விஷயமில்லை. ஊருக்கு நாற்பது ஐம்பது பேர் இழுப்பார்கள்.

பத்து வருஷத்துக்கு முன்னால் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான் முன்நின்று ஒரு ரத்ததான முகாம் நடத்தினேன். ஆடி முடிந்த கையோடு நடந்தது. ஊர் ஆட்கள் விண்ணப்பம் நிரப்பத் தெரியாமல் முழித்தார்கள். நான்தான் மேசை போட்டு உட்கார்ந்து எல்லோருக்கும் நிரப்பிக் கொடுத்தேன். வரிசையில் மாப்பிள்ளை இல்லை. கூப்பிட்டு அனுப்பினேன். ஒரு நர்ஸோடு ஓரமாக நின்று ஏதோ பேசிவிட்டு வந்தார்.

"நான் குடுக்கக் கூடாது மச்சான்" என்றார்.

"கூடாதுன்னா? என்ன வியாதி உங்களுக்கு?"

"வியாதி இல்ல. கூடாதாம்."

எனக்குச் சிரிப்பாக வந்தது. கையில் மைக் வேறு இருந்தது. "முதுவுல கொக்கி மாட்டித் தேர இழுக்குற வீரரு இங்க நிக்கிறாரு. அவருக்குக் கையில ஊசின்னா பயமாம்!" என்று சொன்னேன். பள்ளிக்கூடமே சிரித்தது. அவரும் லேசாகச் சிரித்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். அதற்கப்புறம் எந்தக் கல்யாணம், எந்தக் காதுகுத்து என்றாலும் இந்தக் கதையை நான் ஒரு முறையாவது சொல்லாமல் இருந்ததில்லை. ஒவ்வொரு முறையும் நன்றாகவே எடுபட்டது.

பிறகு என் தங்கைக்குக் கர்ப்பப்பையில் கட்டி வந்தது. மாதம் பாதி நாள் உதிரப்போக்கு. முகம் வெளுத்து, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. கர்ப்பப்பையை எடுத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொன்னார். சித்திரையில் பார்த்துவிட்டு, சத்து ஊசியெல்லாம் போட்டு உடம்பைத் தேற்றிக்கொண்டு வாருங்கள், ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்றார். இரண்டு யூனிட் ரத்தம் கையில் இல்லாமல் கத்தி வைக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். அவளுக்கு என்னுடைய பிரிவுதான், பி நெகட்டிவ். தேடினாலும் லேசில் கிடைக்காது.

"உன்ன நம்பித்தான் இருக்கேன்ண்ணே" என்று அவள் போனில் சொன்னாள்.

"அத விட்டுத் தள்ளு. இது ஒரு விஷயமா எனக்கு?" என்றேன்.

அந்த வருஷம் ஆடியில் மாப்பிள்ளை செடல் குத்திக்கொள்ளவில்லை. பொண்டாட்டி படுத்திருக்கிற நேரத்தில் வேண்டுதலை விட்டுவிட்டானே என்று ஊரில் பேசினார்கள். தங்கையும் அதை நினைத்து அழுதாள். அவர் ஒன்றும் விளக்கவில்லை. நான் மட்டும் சும்மா இருப்பேனா? "என்ன மாப்பிள, இப்ப கொக்கிக்கும் பயம் வந்துடுச்சா?" என்று கேட்டேன்.

ஆவணி பிறந்த முதல் ஞாயிறு அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். பலாக்கொட்டை போட்ட குழம்பு. சாப்பாட்டின் நடுவே அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்தார். கேள்விகளை எழுதி வைத்திருந்தார்.

"மச்சான், ஒருத்தர மட்டும் நம்பி இருக்கலாமா? மாத்துக்கு ஒரு ஆளு பாக்க வேணாமா?"

"பாருங்களேன். ஊசிக்குப் பயப்படாத ஆளா பாருங்க."

"இல்ல... நீங்க கடைசியா எப்ப குடுத்தீங்க?"

நான் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டேன். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்த ஆள் என்னைப் போய் இந்தக் கேள்வி கேட்பதா? "நாப்பத்தொம்பது தடவ குடுத்தவன்கிட்ட கேக்குற கேள்வியா இது? அதெல்லாம் என் கணக்கு. நீங்க உங்க தோப்பப் பாருங்க" என்றேன். தங்கை அவரைப் பார்த்துப் பேசாமல் இருக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள். அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

நாற்பத்தொன்பது என்று சொன்னது பொய். பன்னிரண்டு நாளுக்கு முன்னால்தான் ஐம்பதாவது முறை கொடுத்திருந்தேன். கடலூரில் ஒரு வணிகர் சங்கத்தார் நடத்திய முகாம். ஐம்பதாவது முறை கொடுப்பவருக்கு மேடையில் பொன்னாடை, முழங்கால் உயரத்துக்குக் கேடயம், அதில் என் போட்டோ. ஆணுக்கு மூன்று மாதம் இடைவெளி வேண்டும் என்பதை ஊருக்கே சொல்லிக் கொடுத்தவன் நான். இதற்கு முன் கொடுத்து நாலு மாதம் ஆகியிருந்ததால் அன்றைக்கு எடுத்துக்கொண்டார்கள், அதில் தப்பில்லை. ஆவணியில் தங்கைக்குத் தேவைப்படும் என்பது எனக்கு மறந்துபோகவும் இல்லை. பொன்னாடை வேண்டும் என்று இருந்தது. எனக்கெல்லாம் சீக்கிரம் ஊறிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். ஆமாம், ஊறிவிடும் என்றேதான் நினைத்தேன்.

ஆவணிக் கடைசியில் தங்கையைக் கடலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆபரேஷன். சேர்த்த அன்றே காலை பத்து மணிக்கு நானும் மாப்பிள்ளையும் ரத்த வங்கிக்குப் போனோம். பி நெகட்டிவ் ஒரு யூனிட் இருப்பில் இருந்தது. இன்னொன்று நான். கண்ணாடி போட்ட ஒரு பெண் விண்ணப்பத்தை நீட்டினாள். என் வயதில் பாதி இருப்பாள். நான் அவளைச் சட்டை செய்யாமல், பேனாவை எடுத்து மளமளவென்று நிரப்பினேன். என் கையெழுத்தைப் பார்த்து அவள் கொஞ்சம் அசந்துதான் போனாள்.

கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி என்ற இடத்தில் சித்திரை மாதத்துத் தேதி ஒன்றை எழுதினேன். தப்பான விவரம் கொடுத்தால் பத்திரம் செல்லாது என்று தினம் பத்துப் பேரை மிரட்டுகிற கைதான் அதை எழுதியது. கீழே, மேற்கண்டவை உண்மை என்ற வரிக்கு அடியில், அழகாகக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்தது விரலில் குத்திப் பார்ப்பது. நீல நிறத்தில் மயில்துத்தக் கரைசல் வைத்திருப்பார்கள். அதில் ஒரு சொட்டு ரத்தத்தை விடுவார்கள். ரத்தத்தில் சத்து இருந்தால் சொட்டு நேராக அடிக்குப் போகும். இல்லாவிட்டால் மேலேயே நிற்கும். "என்னுது கல்லு மாதிரி இறங்கும், பாரும்மா" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். எப்போதும் சொல்வதுதான்.

சொட்டு பாதி வரைக்கும் போயிற்று. அங்கே நின்றது. பிறகு மெதுவாக மேலே வந்து மிதந்தது.

அவள் இன்னொரு விரலில் குத்தினாள். அதுவும் மிதந்தது.

"சார், ஹீமோகுளோபின் பன்னெண்டரையாவது இருக்கணும். உங்களுக்கு இல்ல" என்றாள். விண்ணப்பத்தை ஒரு முறை பார்த்தாள். "கடைசியா எப்ப சார் குடுத்தீங்க? நெசமா சொல்லுங்க."

மாப்பிள்ளை எனக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி நின்றிருந்தார். எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

"நாப்பது நாள் இருக்கும்" என்றேன்.

"மூணு மாசம் ஆவணும்னு ஏன் வச்சிருக்காங்க? தண்ணி ஒரு நாள்ல ஊறிடும் சார். சத்து ஊற மாசக்கணக்கா ஆவும். இத எடுத்தா உங்களுக்கும் கெடுதி, ஏத்திக்கிறவங்களுக்கும் பிரயோஜனம் கம்மி" என்றாள். எனக்கு நானே பாடம் எடுப்பதைக் கேட்பது போல் இருந்தது. விண்ணப்பத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டாள். அவ்வளவு அழகான கையெழுத்தின் மேல்.

நான் எனக்குத் தெரிந்த பி நெகட்டிவ் ஆட்களுக்கு வரிசையாகப் போன் செய்தேன். ஒருவர் சென்னையில் இருந்தார். பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவர் சவுதிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். மூன்றாமவர் போனையே எடுக்கவில்லை. அந்தப் பெண் அதற்குள் வேறு ரத்த வங்கிகளில் விசாரித்துவிட்டாள். சிதம்பரத்தில் ஒரு யூனிட் இருக்கிறது, ஆனால் பதிலுக்கு எந்தப் பிரிவாக இருந்தாலும் ஒருவர் அங்கே கொடுத்தால்தான் தருவார்கள் என்றாள்.

"நான் குடுக்குறேன்" என்றார் மாப்பிள்ளை.

அந்த நேரத்திலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "நீங்களா?" என்றேன்.

அவர் அந்தப் பெண்ணிடம் ஐஸ் வைத்த பெட்டியை வாங்கிக்கொண்டு, ஐஸ் எவ்வளவு நேரம் தாங்கும், எங்கே வைக்கக் கூடாது என்று நாலைந்து கேள்வி கேட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். என்னிடம் பேசியதைவிட மரியாதையாகச் சொன்னாள் என்று எனக்குத் தோன்றியது.

என் பைக்கில் கிளம்பினோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று நாற்பது கிலோமீட்டருக்கு மேல். வழி நெடுக அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. புதுச்சத்திரத்தில் ஒரு கடையில் நிறுத்தச் சொல்லி நாலு இட்லி சாப்பிட்டார். வெறும் வயிற்றோடு கொடுக்கக் கூடாதாமே என்றார். எனக்கு வேண்டுமா என்று கேட்டார். எனக்கு இறங்கவில்லை.

சிதம்பரத்தில் விண்ணப்பத்தை நான் கையில் வாங்கினேன். "நானே எழுதுறேன் மச்சான்" என்று வாங்கிக்கொண்டார். எழுத்துக்கூட்டி எழுத அரை மணி நேரம் ஆயிற்று. பிறகு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஊழியர் ஒவ்வொன்றாகக் கேட்டார். மஞ்சள்காமாலை வந்ததுண்டா, மாத்திரை ஏதாவது போடுகிறீர்களா, பச்சை குத்தியதுண்டா, காது குத்தியதுண்டா.

"பச்ச குத்தல சார். செடல் போட்டுருக்கேன். போன வருஷம் ஆடியில. பதிமூணு மாசம் ஆவுது. இந்த வருஷம் போடல."

"ஏன் போடல?"

"ஒரு வருஷம் ஆவாம ரத்தம் குடுக்கக் கூடாதுன்னு எங்க ஊர்ல கேம்ப் போட்டப்ப ஒரு நர்ஸம்மா சொன்னாங்க. ஒரே கொக்கிய மாத்தி மாத்திப் பல பேருக்குக் குத்துறாங்க, ஒருத்தர் வியாதி இன்னொருத்தருக்கு ஒட்டிக்கும், உடனே தெரியாதுன்னாங்க. வருஷா வருஷம் போடுறதால குடுக்கவே முடியாமப் போச்சு. இந்தத் தடவ வீட்ல ஆபரேஷன். மச்சான் இருக்காரு, இருந்தாலும் மாத்துக்கு ஒரு ஆளு இருக்கட்டுமேன்னு போடல."

ஊழியர் தலையாட்டிவிட்டுக் குறித்துக்கொண்டார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பள்ளிக்கூடமும் மைக்கும் ஞாபகம் வந்தது. அதைவிட மோசமான ஒன்றும் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அந்த ஊர் ஆம்பிளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பியது நான். முதுகில் செடல் புண் ஆறாத ஆட்கள். பச்சை குத்தியதுண்டா, காது குத்தியதுண்டா என்ற கேள்விக்கு நேரே, அவர்களைக் கேட்காமலே, வரிசையாக இல்லை இல்லை என்று எழுதித் தள்ளினேன். செடல் என்று விண்ணப்பத்தில் இல்லை, அதனால் எனக்குத் தோன்றவே இல்லை. எடுத்த ரத்தத்தையெல்லாம் சோதித்துத்தான் ஏற்றுவார்கள் என்று மனதைத் தேற்றிப் பார்த்தேன். உடனே தெரியாது என்று அந்த நர்ஸ் சொன்னதும் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அன்று அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகக் கேள்வி கேட்டது ஒரே ஒரு ஆள். அவரைக் காட்டித்தான் நான் மைக்கில் பேசி ஊரைச் சிரிக்க வைத்தேன். எனக்கு என்னைக் கண்டால் அருவருப்பாக இருந்தது.

அவர் விரலில் குத்தினார்கள். சொட்டு நீலத் தண்ணீரில் விழுந்தது. நேராக அடியில் போய் உட்கார்ந்தது.

கொடுத்து முடித்து அரை மணி நேரம் உட்கார வைத்து, பழச்சாறும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். பிறகு பெட்டியோடு கிளம்பினோம். நான் வண்டி ஓட்டினேன், அவர் பின்னால் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "பள்ளம் பாத்து மச்சான், பொட்டி ஆடுது" என்றார். வழி முழுக்க அவர் பேசியது அது ஒன்றுதான். ஐம்பது கேடயக்காரன் அன்று செய்தது பள்ளம் பார்த்து ஓட்டியது மட்டும்தான்.

மறுநாள் சொன்ன நேரத்துக்கு ஆபரேஷன் நடந்தது. இரண்டு யூனிட்டும் தேவைப்பட்டது. உள்ளே ரத்தம் நிறையப் போய்விட்டது, இரண்டாவது பை இல்லாவிட்டால் சங்கடமாகியிருக்கும் என்று டாக்டர் வெளியே வந்து சொன்னார். மாலையில் எங்களை உள்ளே விட்டார்கள். இரண்டாவது பை பாதி இறங்கியிருந்தது. தங்கை கண்ணைத் திறந்து முதலில் பையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"உன் ரத்தமாண்ணே?"

கட்டிலின் அந்தப் பக்கம் மாப்பிள்ளை நின்றிருந்தார். முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டிய இடம் சட்டைக் கைக்குள் மறைந்திருந்தது.

"ம்" என்றேன்.

அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அப்படியே தூங்கிப்போனாள்.

வராந்தாவுக்கு வந்ததும் நான் அவர் முகத்தைப் பார்க்காமல் நின்றேன். அவர் சட்டைக் கையைச் சுருட்டிப் பஞ்சை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"நான் அவகிட்ட சொல்ல மாட்டேன் மச்சான். நீங்களே சொல்லிடுங்க" என்றார். "அவசரமில்ல. அவ தேறட்டும்."

தங்கை தேறி இரண்டு ஆடி போய்விட்டது. மாப்பிள்ளை மறுபடியும் செடல் குத்திக்கொள்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் தன் உடம்பில் ஓடுவது அண்ணன் ரத்தம் என்று அவள் சொல்கிறாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து முந்திரி உடைத்துக்கொண்டிருப்பார். அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.